மன்னிக்க ஓர் ஆள் வேண்டும்

லொரைனுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவள் வேலை பார்க்கும் பாலிகிளினிக்கின் மருந்துக் கவுண்ட்டரில் யாராவது வரிசையைத் தாண்டி வந்து கையை நீட்டினால் அவள் அதட்ட மாட்டாள். "அங்கிள், உங்க நம்பர் என்ன?" என்று அவ்வளவு மெதுவாகக் கேட்பாள். அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டுவிட்டுத் தானாகவே பின்னால் போய்விடுவார். அவள் கணவன் ஆர்னால்டுக்கும் இது தெரியும். வீட்டில் அவள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்வரை அவன் டிவியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. சத்தம் குறைந்தால்தான் எழுந்து உட்காருவான்.

கார் விளக்கு உடைந்த அன்று அவள் குரல், பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது.

அந்தக் கார் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கருநீலம். பின்சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. சிங்கப்பூரில் கார் வாங்குவது எப்படிப்பட்ட காரியம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வண்டி வைத்துக்கொள்ளும் அனுமதிக்கே இன்னொரு வண்டியின் விலை ஆகும். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்த லொரைன், அதை அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டு ஐம்பது வயதுவரை ரயிலில்தான் போய்வந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் ஈசூனிலிருந்து கிளம்பி, டோபி காட் நிலையத்தில் ரயில் மாறி, ஃபேரர் பார்க்கில் இறங்கி, அங்கிருந்து சர்ச்சுக்கு நடை. ஒரு தோளில் பாடகர் குழுவின் பாட்டுப் புத்தகங்கள், இன்னொரு தோளில் கீபோர்டு ஸ்டாண்டு. ரயிலில் அந்த ஸ்டாண்டு யார் காலிலாவது இடித்துவிடும், அவள் ஒவ்வொரு முறையும் சாரி சொல்வாள். தெரியாமல் இடித்தாலும் சொல்லிவிட வேண்டும் என்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. அதனால்தான் பின்னால் நடந்தது அவளுக்கு அவ்வளவு உறைத்தது.

கார் வந்த முதல் ஞாயிறே ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தார். வண்டிக்குள் கேமரா இருந்தது, ஆனால் இன்ஜின் ஓடும்போதுதான் அது பதிவு செய்யும். நிறுத்தியிருக்கும்போதும் பதிவாகிற மாதிரி வைக்கலாமா என்று கடைக்காரர் கேட்டதற்கு, "எதுக்குலா? ஆபீஸுக்கு நான் பஸ்ல போறேன். இவ சர்ச்சுக்குத்தான் ஓட்டப்போறா. சர்ச்ல யாரு இடிக்கப்போறா?" என்று சொன்னவன் ஆர்னால்ட்.

அந்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, புத்தகங்களை அடுக்கிவிட்டு அவள் கீழே வந்தபோது, காரின் இடது முன்விளக்கில் ஒரு விரிசல் மூலைக்கு மூலை ஓடியிருந்தது. கீழ்ப்பக்கத்தில் ஒரு துண்டைக் காணோம். தரையில் கற்கண்டு சிந்தியதுபோலச் சில்லுகள் கிடந்தன.

சர்ச் கார்பார்க்கைப் பார்த்துக்கொள்பவர் சூசைநாதன். அறுபத்தெட்டு வயது. ஒருகாலத்தில் கப்பல் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மின்னும் பச்சை வெஸ்ட், கழுத்தில் விசில். இடம் சின்னது, வண்டிகள் அதிகம். அதனால் பின்வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை நிறுத்தி, அந்தச் சாவிகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். யார் முதலில் கிளம்பவேண்டும், யார் வண்டியை எங்கே தள்ளவேண்டும் எல்லாம் அவர் மனசில் இருக்கும். "வா வா வா, ஒடி, இன்னும் ஒடி, போதும்" என்று அவர் கத்துவது சில ஞாயிறுகளில் மறையுரைக்கு நடுவே உள்ளே கேட்கும்.

லொரைன் முதலில் கேட்டது அவரைத்தான்.

"அங்கிள், யாருன்னு பார்த்தீங்களா?"

"இல்லையேம்மா." அவர் குனிந்து சில்லுகளைப் பார்த்தார். "ச்சே. புது வண்டி. என்ன ஜனங்கம்மா இதுங்க?"

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இடிச்சிட்டு ஓடினவன் மனுஷனே இல்லை என்றார் ஒருவர். சர்ச்சுக்கு வந்து இப்படிப் பண்ணுறவன் வீடு விளங்குமா என்றார் ஒரு ஆன்ட்டி. சூசைநாதன் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். "ஆண்டவர் பார்த்துக்கிட்டுத்தானே இருக்காரு" என்று லொரைன் தோளைத் தட்டினார். பிறகு வெஸ்ட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு விளக்குமாறு கொண்டுவந்து சில்லுகளை அவரே கூட்டி அள்ளினார்.

ஆர்னால்ட் டிக்கியில் கீபோர்டு ஸ்டாண்டை வைத்தான். "விடுலா. இன்சூரன்ஸ் இருக்கு. ஒரு லைட்டுதானே."

ஒரு லைட்டுதானே என்றால், இப்போதைய கார்களில் கண்ணாடியை மட்டும் மாற்ற வழியில்லை. ஒர்க்‌ஷாப்பில் இருந்த முபாரக் என்ற இளைஞர் அதைத்தான் சொன்னார். "எல்இடி லைட்டு அக்கா. எல்லாம் ஒரே செட்டா சீல் பண்ணியிருப்பாங்க. முழுசா மாத்தணும். பார்ட்டு வெளியூர்லேர்ந்து வரணும். ரிவர்ஸ்ல வந்து இடிச்சிருக்காங்க, பின்னாடி படி உள்ள வண்டியா இருக்கும்." விரிசலின்மேல் அவர் நிறமில்லாத டேப் ஒட்டிக் கொடுத்தார். அடுத்த நாள் பெய்த மழையில் தண்ணீர் எப்படியோ உள்ளே போய், விளக்குக்குள் ஆவி படர்ந்தது. பல அடுக்குக் கார்பார்க்கின் நான்காம் மாடியில் அந்தக் கார், ஒரு கண்ணில் பூவிழுந்த மாதிரி நின்றது. உடைந்த விளக்கோடு ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். லொரைன் திரும்பவும் கீபோர்டு ஸ்டாண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறினாள்.

அவளுக்கு வேண்டியது காசில்லை. இதை அவள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். இடித்தவர் வந்து, "லொரைன், நான்தான் இடிச்சேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் அந்த ஆள் ஒவ்வொரு ஞாயிறும் அவளோடு அதே கூரைக்குக் கீழே உட்கார்ந்து, அவள் பாடும் பதிலுரைப் பாடலுக்குக் கூடச் சேர்ந்து பாடுகிறான் என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

பூசை முடிவில் வாசிக்கும் அறிவிப்பில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி ஃபாதரிடம் போனாள். கார் வழியை மறிக்கிறது, வண்டி எண் இன்னது என்று வாராவாரம் சொல்கிறார்களே.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வேற, இது வேற லொரைன். சபை நடுவுல குற்றம் சாட்டுற மாதிரி ஆயிடும். பேரவையில கேட்டுப் பார்க்கிறேன்."

சர்ச் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவை கூடிப் பேசியது. எல்லோர் மனசையும் புண்படுத்தும் என்று முடிவெடுத்தது. அவள் மனசு எந்தக் கணக்கில் வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு அந்த ஞாயிறு மறையுரை மன்னிப்பைப் பற்றி. பூசை முடிந்ததும் பாடகர் குழுவின் ஆன்ட்டிகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கேட்டியா, ஃபாதர் உனக்கே சொன்ன மாதிரி இருந்திச்சி, மன்னிச்சிடுலா, மனசு லேசாயிடும்.

"மன்னிக்க நான் ரெடி ஆன்ட்டி," என்றாள் லொரைன். "யாரைன்னு சொல்லுங்க."

ஒருத்தி, அந்தோனியார்கிட்ட வேண்டிக்கோ, காணாமப்போனது எதையும் அவர் கண்டுபிடிச்சித் தருவார் என்றாள். லொரைனுக்கு அந்தக் கோபத்திலும் அது சரியாகப் பட்டது. பக்கவாட்டில் இருக்கும் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி ஏற்றினாள். காலடியில் இருந்த உண்டியலில் காணிக்கை போட்டாள். ஆளைக் காட்டுங்க, மத்ததை நான் பார்த்துக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

பாடகர் குழு உட்காரும் இடம் பீடத்துக்குப் பக்கத்தில், சபையைப் பார்த்த மாதிரி. நற்கருணை நேரத்தில் எல்லோரும் வரிசையாக வந்து நன்மை என்னும் அப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். பாடிக்கொண்டே லொரைன் அந்த முகங்களை இருபது வருஷமாகப் பார்க்கிறாள். வம்புக்காக அல்ல, கண் அங்கேதான் போகும். யார் மெலிந்திருக்கிறார்கள், யார் புருஷனைவிட்டுத் தனியாக வருகிறார்கள், எல்லாம் அந்த வரிசையில் தெரியும். வரிசைக்கு வராதவர்களும் தெரிவார்கள். மனசில் பாரமான பாவம் இருந்தால் நன்மை வாங்கக்கூடாது, ஃபாதரிடம் அதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்த பிறகுதான் வாங்கவேண்டும். சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தது அது. அதனால் ஒருவர் பெஞ்சிலேயே முழங்காலில் நின்றுவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள்.

கார் உடைந்ததற்கு அடுத்த ஞாயிறு சூசைநாதன் வரிசைக்கு வரவில்லை. அவர் நன்மை வாங்காமல் விட்ட ஞாயிறு லொரைனுக்கு நினைவில் இல்லை. உடம்பு சரியில்லையோ, ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்திருப்பாரோ என்றுதான் அப்போது நினைத்தாள். அடுத்த சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு வந்தபோது, ஃபாதர் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரத் தொட்டிக்கு வெளியே வரிசையில் அவர் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் முதல் ஆளாக வந்து நன்மை வாங்கினார். திரும்பிப் போகும்போது அவள் பாடிய பாட்டைக் கூடவே பாடிக்கொண்டு போனார், முகம் குளித்துவிட்டு வந்தவர் முகம்போல் இருந்தது.

அன்றுதான் அவளுக்கு இன்னொன்றும் தோன்றியது. கேட்டுக்குப் பக்கத்தில் வழக்கமாக நிற்கும் அவருடைய பழைய வெள்ளை வேனைக் கொஞ்ச நாளாகக் காணோம். அந்த வேனுக்குப் பின்னால் ஏறுவதற்கு ஓர் இரும்புப் படி உண்டு.

மறுநாள் வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்க்கும் பதுருன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பதுருன்னிசா பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இரு இரு. இடிச்சது உங்க கார. போய்ச் சொன்னது உங்க ஃபாதர்கிட்ட. அப்ப உங்ககிட்ட?"

"அதைத்தான் கேக்குறேன்."

"எங்கள்ல மனுஷனுக்குச் செஞ்சதை அந்த மனுஷன்தான்க்கா மன்னிக்கணும். இறைவன்கிட்ட மட்டும் சொல்லி முடிக்க முடியாது."

"எங்கள்லயும் அப்படித்தான். எங்க ஆளுங்களுக்குத்தான் அது தெரியல."

"ஃபாதரையே கேட்டுடுங்களேன்."

"அவரு சொல்லமாட்டாரு. சொல்லவும் கூடாது. நான் கேக்கவும் மாட்டேன்." லொரைனின் குரல் இறங்கிவிட்டது. பதுருன்னிசா பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு சர்ச் கேன்டீனில் வழக்கம்போல் கூட்டம். தோசைக்கல் பக்கம் ஒரு வரிசை, கோப்பிக்கு ஒரு வரிசை. சூசைநாதன் வெஸ்ட்டோடு ஓரமாக உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். லொரைன் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அங்கிள், வேன் எங்க?"

"சர்வீசுக்கும்மா. பழைய வண்டியில்லையா, பார்ட்ஸ் கிடைக்கல."

"என் வண்டி புதுசு. அதுக்கும்தான் கிடைக்கல."

அவர் தோசையை வைத்தார்.

"ஒரு ஞாயிறு நீங்க நன்மை வாங்க வரல," என்றாள்.

"அதெல்லாமா பார்ப்ப?"

"பாடிக்கிட்டே பார்ப்பேன்."

அவர் அங்குமிங்கும் பார்த்தார். மறுப்பார் என்று எதிர்பார்த்து அவள் பதில்களை அடுக்கி வைத்திருந்தாள். அவர் மறுக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, நிம்மதியாகவே சொன்னார். "அந்த விஷயம் முடிஞ்சிபோச்சும்மா. நான் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்."

பில் கட்டிவிட்டு ரசீதைக் காட்டுகிறவர் மாதிரி இருந்தது அவர் முகம். லொரைன் நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்தாள்.

"ஃபாதர்கிட்ட என் கார்னு சொன்னீங்களா?"

"பேரெல்லாம் சொல்லக்கூடாதும்மா. ஒருத்தரோட பொருளுக்குச் சேதம் பண்ணிட்டேன்னேன். அபராதமா 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூணு தடவ சொல்லச் சொன்னாரு. நான் பத்தா சொன்னேன்."

"அவ்வளவுதான் சொன்னாரா?"

"நஷ்டத்துக்கு ஈடு கட்டுன்னாரு. அதையும் கட்டிட்டேன்."

"யாருக்கு?"

"அந்தோனியார் உண்டியல்ல. கவர்ல வச்சிப் போட்டேன். கொஞ்சமில்ல, நெறையவே."

அவள் ஏற்றிய மெழுகுதிரி நினைவுக்கு வந்தது. ஆளைக் காட்டச் சொல்லி அவள் கும்பிட்டு நின்றபோது, அந்த ஆளின் கவர் அவள் காலடியிலேயே, அவள் போட்ட காணிக்கைக்குப் பக்கத்தில் கிடந்திருக்கும்.

"அங்கிள், அது அந்தோனியாரோட காரா?"

"என்னம்மா இப்படிப் பேசுற." இப்போது அவருக்கும் கோபம் வந்தது. "ஆண்டவரே மன்னிச்ச பாவத்தை நீ தோண்டுற. நீ பெரிய ஆளா அவரவிட?"

"ஆண்டவர் காரை இடிச்சிருந்தா அவரு மன்னிச்சது போதும். இடிச்சது என் காரை. நான் இங்கதான் இருந்தேன். ஒவ்வொரு வாரமும் உங்க எதிர்ல. நீங்க விளக்குமாறு எடுத்துக் கூட்டினீங்க. தோளைத் தட்டினீங்க. அத்தனை பேரும் ஏசினப்ப கூட நின்னு தலையாட்டினீங்க."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியபோது ஃபோர்மேன் குரல் போய்விட்டிருந்தது. "மொத ஆளா என்னைத்தானே கேட்ட. யாருன்னு பார்த்தீங்களான்னு. இல்லன்னு வாயில வந்துடுச்சி. அதுக்குள்ள எல்லாரும் வந்துட்டாங்க. அந்தப் பேச்சு பேசினாங்க. அப்புறம் எங்கம்மா சொல்றது? பேரவையில தெரிஞ்சா இதைப் புடுங்கிடுவாங்க." கையை வெஸ்ட்டின் மேல் வைத்தார். "வலது கண்ணு மங்கலா இருக்கு. டாக்டர்கிட்ட காட்டினா லைசென்ஸும் போயிடும்."

லொரைனுக்கு இரக்கம் வராமல் இல்லை. ஆனால் இரக்கப்பட்டு எழுந்து போனால் இதுவும் முடிந்துபோன விஷயமாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"என்கிட்ட சொல்லுங்க," என்றாள்.

"அதான் சொல்லிட்டேனே."

"ஃபாதர்கிட்ட சொன்னதைச் சொன்னீங்க. என்கிட்ட சொல்லல."

அவர் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல. வண்டிங்கள நிறுத்துறப்ப கத்துவீங்கல்ல, அந்தக் குரல்ல சொல்லுங்க."

சூசைநாதன் நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டில்லை என்று புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "லொரைன், உன் காரை நான்தான் இடிச்சேன். மன்னிச்சிடும்மா," என்றார். பாதியில் குரல் பழக்கத்தில் ஏறிவிட்டது. தோசைக்கல் பக்கம் பேச்சு நின்றது. கோப்பி வரிசையில் நின்ற ஆர்னால்ட் திரும்பிப் பார்த்தான்.

"மன்னிச்சிட்டேன்," என்றாள் லொரைன். அதைச் சொன்னதும் எல்லோரும் சொன்னதுபோல் மனசு லேசாகிவிடவில்லை.

அவர் வெஸ்ட்டின் ஜிப்பை இறக்கத் தொடங்கினார்.

"அதை ஏன் கழட்டுறீங்க? அது பேரவை பாடு. நாளைக்கு என்கூட வந்து இன்சூரன்ஸ்ல உங்க பேரைச் சொல்லுங்க. அடுத்து கண்ணைக் காட்டுங்க. அதுவரைக்கும் யார் வண்டிச் சாவியையும் கையில வாங்காதீங்க."

மறுநாள் அவர் வந்தார், சொன்னார், கையெழுத்தும் போட்டார். ஆனால் அதற்குள் சர்ச்சில் பேச்சு வேறு மாதிரி ஓடத் தொடங்கிவிட்டது. பாவம், வயசான மனுஷன், அத்தனை பேர் முன்னாடி கத்த வச்சிட்டா. ஒரு லைட்டுக்கு இவ்வளவா? புதுக் கார் வந்த திமிரு. இடித்துவிட்டு மறைத்தது மூன்றே நாளில் எல்லோருக்கும் மறந்துபோனது. கேட்டு வாங்கியது மட்டும் மறக்கவில்லை. தானே வந்து ஒருத்தி அவளிடம், "ஒரு ஓரமா கூட்டிட்டுப்போய்க் கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"ஓரமாத்தான் ஆன்ட்டி கேட்டேன். குரலை ஏத்தினது அவரு," என்றாள் லொரைன், மிக மெதுவாக. அந்த ஆன்ட்டி காதைக் கிட்டக் கொண்டுவரவில்லை, போய்விட்டாள்.

ஆர்னால்டும் வீட்டில் ஒருமுறை தொடங்கினான். "இருந்தாலும் லொரைன்..."

"இருந்தாலும்னா?"

அவன் டிவியைப் போட்டான்.

விளக்கு மாற்றிக் கார் வந்த ஞாயிறு, அவளே ஓட்டிக்கொண்டு போனாள். கீபோர்டு ஸ்டாண்டு டிக்கியில். ஆபரேஷன் முடிந்த வலது கண்ணுக்குப் பிளாஸ்டிக் மூடி ஒட்டிக்கொண்டு, பேரவை பறிக்காமல் விட்ட பச்சை வெஸ்ட்டோடு, சூசைநாதன் கேட்டருகே நின்றார். சாவிகளை இப்போது வேறொருவர் வாங்கினார். அவளைப் பார்த்ததும் சூசைநாதன் ஒரு கணம் தயங்கினார். பிறகு விசிலை ஊதிக் கையை வீசினார்.

"வா வா வா. ஒடி. இன்னும் ஒடி."

லொரைன் ஜன்னலை இறக்கி, "குட் மார்னிங் அங்கிள்," என்றாள்.

ஆனால் அவர் வீசிய கையை அவள் பார்க்கவில்லை. காரின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தே நிறுத்தினாள்.